போட்டிக்கு நடுவே சென்னையில் வீடு வாங்குவது

பலர் விரும்பும் வீட்டுக்கு அவசரமாக முன்பணம் கொடுப்பதைவிட, வங்கியில் கடன் தகுதியை முன்னரே உறுதிசெய்துகொண்டு விலை பேசுவதே பேரத்தில் வலுச் சேர்க்கும். 75 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனாயின் வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கிடைக்கும் என்பதால், மீதித் தொகையையும் பதிவுச் செலவையும் கையில் வைத்திருங்கள்.

கட்டுமானத்திலுள்ள வீடானால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவுசெய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் பெறக் கூடாது. எந்த நெருக்கடியிலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய வீடானால், 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்), மூலப் பத்திரங்கள், பட்டா ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிவாகாத உரிமைகள் வில்லங்கச் சான்றிதழில் தெரியா என்பதால், அசல் ஆவணங்களை நேரில் பார்ப்பது மிக அவசியம்.

வாடகைக்காக வாங்குவோர், பராமரிப்புச் செலவும் சொத்து வரியும் போக எஞ்சும் வாடகையைக் கடன் வட்டியோடு ஒப்பிட்ட பிறகே விலையை உயர்த்தலாம்.