மூட்டை வாங்குவதற்கு முன்

துணிப்பையை வீட்டிலேயே மறந்துவிட்டுக் கடைக்குப் போவது, டீக்கடையில் பேச்சு சுவாரஸ்யத்தில் பேப்பர் கப்பை வாங்கிவிடுவது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு மாதம் போனால் தானாகச் சரியாகிவிடும். வீட்டுக் குப்பையைக் குறைக்கப் போகிறோம் என்று புதிதாக ஆரம்பித்திருப்பவர்கள் கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவிலேயே நான்கைந்து வீடு. சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் எதிலெல்லாம் இடறினோமோ, வரிசை மாறாமல் அதிலேயே இவர்களும் இடறுகிறார்கள். பணம் போகிற தவறுகளையும் உடம்புக்கு ஆகாத தவறுகளையும் மட்டும் சொல்கிறேன்.

வருஷத்துக்கும் சேர்த்து மூட்டையாக வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பாக்கெட் பொருளே வேண்டாம் என்று முடிவெடுத்த அடுத்த வாரமே வாசலில் மூட்டை இறங்கிவிடுகிறது. கணக்கு என்னவோ சரியாகத்தான் இருக்கும். அரைக் கிலோ அரைக் கிலோவாக வாங்கினால் வருஷத்துக்கு இத்தனை கவர், மொத்தமாக வாங்கினால் ஒரே ஒரு சாக்கு. அந்தக் கணக்கில் வண்டு வராது. சரக்கில் வந்துவிடும்.

பக்கத்து வீட்டுத் தம்பியும் அவர் மனைவியும் ஓசூரில் வேலை பார்க்கிறவர்கள். வாரத்தில் பாதி நாள் இரவுச் சாப்பாடு வெளியில்தான். சித்திரையில் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்த் தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு என்று எல்லாம் முழுப்பயறாகவே வாங்கி வந்து இறக்கினார்கள். கூடவே கம்பை மில்லில் கொடுத்து, மாவாகவே அரைத்து வைத்துக்கொண்டார்கள். "இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல அக்கா" என்றார் அந்தப் பெண். ஆவணி பிறப்பதற்குள், "அக்கா, பயறெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கு, டப்பாவைத் திறந்தா மாவாப் பறக்குது" என்று வந்து நின்றார். கம்பு மாவு அதற்கு வெகுநாள் முன்பே கசந்துவிட்டிருந்தது. புடைத்துப் பார்த்ததில் தேறியது கொஞ்சம். மீதியெல்லாம் குப்பை வண்டியில் போயிற்று.

கொஞ்சம் கவர் மிச்சமாயிற்று, சரி. கொட்டிய தானியத்தை விளைவிக்க ஊற்றிய தண்ணீர், உழைத்தவர் கூலி, ஏற்றி வந்த டீசல் எல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? குப்பை மேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது அதிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வேறு கிளம்பும். பிளாஸ்டிக் கண்ணில் படுகிறது, அதனால் அதை எண்ணுகிறோம். வீணாய்ப்போன சாப்பாட்டை யாரும் எண்ணுவதில்லை. குறைந்த குப்பை என்று பேசுகிறவர்கள் வீட்டிலேயே இது நடப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வண்டு வந்ததற்கு அந்தப் பெண்ணின் சமையலறைச் சுத்தத்தைக் குறை சொல்ல முடியாது. பயறு வண்டு வயலிலேயே, முற்றுகிற காயின் மேல் முட்டை வைத்துவிடும். நாம் வாங்கும் பயறு பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே புழு தின்று வளர்ந்து, வட்டமாகத் துளை போட்டு வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரியும். இந்தச் சூட்டில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை வைக்கும். மூன்று நான்கு மாதத்தில் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதனால் முழுப்பயறு வீட்டில் ஒரு மாதச் செலவுக்கு மேல் இருக்க வேண்டாம். மூட்டை விலைதான் வேண்டும் என்றால் நான்கு வீடு சேர்ந்து ஒரு மூட்டை வாங்கி, அன்றைக்கே பிரித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் வைத்தே ஆக வேண்டுமா? நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, ஆறவிட்டு, கிலோவுக்கு இரண்டு சின்னக் கரண்டி விளக்கெண்ணெய் பிசறி, காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். சூடு ஆறாமல் மூடினால் உள்ளே வியர்த்து வேறு வினை வரும். ஒன்றிரண்டு கிலோதான் என்றால் ஃப்ரீசரில் நான்கைந்து நாள் வைத்து எடுத்தாலும் முட்டை செத்துவிடும். உடைத்த பருப்பில் பயறு வண்டுக்கு அவ்வளவு சௌகரியம் கிடையாது, அது கொஞ்சம் தாங்கும்.

யாராவது வண்டு மாத்திரை வாங்கிப் போடச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும், அது ஆளைக் கொல்லும். கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டிய பொருளைச் சமையலறை டப்பாவில் போடச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மூட்டையாக வாங்கலாம் என்று நான் தைரியமாகச் சொல்வது கேழ்வரகை. அந்தச் சின்ன மணிக்குள் பூச்சி அவ்வளவு லேசில் நுழையாது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் தரையில் குழி வெட்டி வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஆனால் மணியாக வையுங்கள், வேண்டியபோது வேண்டிய அளவு அரையுங்கள். சாமையும் உமியோடு இருக்கும்வரை தாங்கும், தீட்டிவிட்டால் சீக்கிரம் சிக்குவாடை வரும். நம் ஊர்ப் புளியைக் கொட்டை எடுத்து, கல்லுப்புத் தூவி ஜாடியில் அமுக்கினால் அடுத்த புளி வரும்வரை கவலையில்லை. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்ததும் அந்தக் கொழுப்பு கெட ஆரம்பித்துவிடும், ஒரு வாரம் பத்து நாளில் மாவு கசக்கும். நிலக்கடலையைப் பருப்பாக வாங்கிச் சேர்ப்பதும் அதே கதைதான். உடைக்காமல் ஓட்டோடு வாங்குங்கள்.

சில்லறையாக வாங்கினாலும் கவர் இல்லாமல் வாங்கலாம். டப்பாவைக் கொண்டுபோய் முதலில் வெறும் டப்பாவை எடை போடச் சொல்லுங்கள். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் போனால் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

உரத்தொட்டியில் ஈரத்தை மட்டும் போடுவது

மாம்பழக் காலத்தில்தான் பலரும் உரத்தொட்டி வைக்கிறார்கள். பெங்களூரா மாம்பழத்தின் தோலும் சாறும் நாள் தவறாமல் உள்ளே போகும், வேறெதுவும் போகாது. ஐந்தாம் நாள் நாற்றம், அடுத்த வாரம் தொட்டி மாடிப்படிக்குக் கீழே. காற்றுப் போகாததால் வருகிற நாற்றம் அது. ஒரு பங்கு ஈரக் குப்பைக்கு இரண்டு பங்கு காய்ந்தது போடுங்கள். சருகு போதும். தேங்காய் நார்த்தூள் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும், ஈரத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும். பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கிறது. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அவ்வப்போது கிளறிவிடுங்கள். தடித்த, தட்டையான புழு நெளிந்தால் அலறாதீர்கள். அது கருப்புச் சிப்பாய் ஈயின் புழு, நமக்காக வேலை செய்கிறது. மாங்கொட்டை மட்டும் அவ்வளவு சீக்கிரம் மட்காது, தனியே எடுத்துவிடுங்கள்.

கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு போர் தண்ணீர் குடிப்பது

பிளாஸ்டிக் கேன் எதற்கு, மண்பானையில் போர் தண்ணீர் போதாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் போதாது. பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் காவி படிவதில் தொடங்கி எலும்பு வரை கெடுக்கும். ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்ததே இதற்காகத்தான். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். பானையும் வடிகட்டாது. ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீட்டில் அதைப் பிடித்துக் குடியுங்கள். போரைத்தான் நம்ப வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்காதீர்கள். இருபது லிட்டர் கேன் திரும்பக் கடைக்குப் போய் மறுபடி நிரம்பி வருகிறது. அதோடு சண்டை போடுவதைவிட, வீட்டு விசேஷத்தில் ஆளுக்கொரு சின்ன பாட்டில் கொடுப்பதை நிறுத்தினால் குப்பை நிஜமாகவே குறையும்.

துணி போல இருக்கும் பையை நம்புவது

ஜவுளிக்கடையிலும் கல்யாணத் தாம்பூலத்திலும் வரும் மொரமொரப்பான பை துணியே அல்ல, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தபோது அந்தப் பட்டியலில் அதுவும் இருந்தது.

நிஜத் துணிப்பையையும் சேர்த்துக் குவிக்க வேண்டாம். டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் போட்ட கணக்குப்படி, பருவநிலையை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். மற்ற எல்லா வகைப் பாதிப்பையும் பார்த்தால் 7,100 முறை. வீட்டில் நல்ல மஞ்சப்பை இரண்டு இருந்தால் போதும்.

இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்குவது

உடைகிறவரை வைத்திருங்கள். சூடாக எதையும் ஊற்றாதீர்கள்.

மீந்த கவரைக் கொல்லையில் எரிப்பது

கூடாது. ஒரே ஒரு கவர் என்றாலும் கூடாது.

பால் கவரை அப்படியே குப்பையில் போடுவது

கழுவாத கவர் ஒரே நாளில் நாறும், பிறகு அதை யாரும் கையால் தொட மாட்டார்கள். வெட்டும்போது மூலையைத் தனியே துண்டாக்கிவிடாதீர்கள். அந்தச் சின்னத் துண்டு யார் கைக்கும் சிக்காமல் சாக்கடைக்குப் போய்விடும். மூலை கவரோடு ஒட்டியிருக்கிற மாதிரி வெட்டி, கழுவி, கொடியில் காயப்போட்டுச் சேர்த்து வையுங்கள். பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். எண்ணெய் கவரைத் தனியாக வையுங்கள், பிசுக்கு ஒட்டினால் மொத்தக் கட்டையும் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள்.