சூரிய நமஸ்காரத்தில் தோளைக் கெடுக்கும் இறக்கம்

ஜிம்முக்குப் போகாமல், உடல் எடையை வைத்தே தோளையும் மார்பையும் வலுவாக்கச் சூரிய நமஸ்காரம் செய்பவர்கள் நிறையப் பேர். நல்ல பயிற்சிதான். ஆனால் தோள் வலிக்கிறது என்பவர்களை ஒரு சுற்று செய்து காட்டச் சொன்னால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கோளாறு தெரியும். பலகை போல நீட்டிய உடம்பைத் தரைக்கு இறக்குகிறார்களே, அங்கே.

சதுரங்க தண்டாசனம் என்கிற இந்த நிலை, தண்டால் எடுத்தவர்களுக்குத் தெரிந்த அசைவுதான். முழங்கைகள் மட்டும் விலாவை ஒட்டியே இருக்கும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தோள் முழங்கை மட்டத்தோடு நிற்க வேண்டும். அதற்கும் கீழே போனால் மேற்கை எலும்பின் உருண்டை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். தசை தாங்க வேண்டிய எடை மூட்டின் முன்பக்கத் தசைநாண்களில் விழும். ஒரு நாளில் எதுவும் தெரியாது. தினமும் 12 சுற்று, வலது கால் இடது கால் என்று சுற்றுக்கு இரண்டு இறக்கம் என்று வைத்தால் மாதத்துக்கு 720 முறை.

ஒரு ரதசப்தமி அன்று 108 செய்தே தீருவது என்று இறங்கினேன். அறுபதைத் தாண்டியபோது நான் உடம்பை இறக்கவில்லை, தொப்பென்று விழுந்துகொண்டிருந்தேன். எண்ணிக்கை முடிந்தது. அப்புறம் நாலு மாதம், சட்டைக் கைக்குள் வலது கையை நுழைக்கும்போதெல்லாம் தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்தியது.

மூன்று எண்ணி, மூச்சை விட்டபடி இறங்குங்கள். முடியவில்லை என்றால் முட்டியைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பாதங்கள், முட்டிகள், கைகள், மார்பு, தாடை என எட்டும் தரையில் படும் அஷ்டாங்க நமஸ்காரத்தைத்தான் பல இடங்களில் முதலில் சொல்லித் தருகிறார்கள். 1930களில் மைசூர் அரண்மனையில் இளைஞர்களைத் துள்ளவைத்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரே, பிற்காலத்தில் சென்னையில் ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்றித்தான் கற்றுத் தந்தார்.

அடுத்தது மணிக்கட்டு. பயிற்சி முடிந்ததும் பாயில் பதிந்த வியர்வைத் தடத்தைப் பாருங்கள். மணிக்கட்டை ஒட்டிய மேடு மட்டும் ஈரமாகப் பதிந்து, விரல்களின் தடம் அரைகுறையாக இருந்தால், எடை முழுவதையும் மணிக்கட்டு சுமந்திருக்கிறது. விரல்களை நன்றாக விரித்து, ஆட்காட்டி விரலின் அடிப்பகுதியைத் தரையோடு அழுத்தினால் சுமை உள்ளங்கை முழுக்கப் பரவும். தொடங்கும் முன் நாலு கால் நிலையில் முன்னும் பின்னுமாகப் பத்து முறை அசைந்துகொள்வதும் உதவும்.

கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தி நிற்கும் அதோமுக ஸ்வானாசனத்தில் குதிகால் தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, முதுகைக் கூன்போட்டுக்கொள்கிறார்கள். தோள் மூட்டு முழுதாகத் திறக்க வேண்டிய ஆசனம் இது. முட்டியைத் தாராளமாக மடக்கி, இடுப்பை மேலே தூக்கி, கைகளால் தரையைத் தள்ளுங்கள். அக்குளுக்குக் கீழே இழுபடுவது தெரியும். குப்புறப் படுத்து மார்பைப் பாம்பு போல நிமிர்த்தும் புஜங்காசனத்தில் தோள் காதுவரை ஏறாமல் இருந்தால் சரி.

பலருக்கும் தோன்றாத ஒன்று இருக்கிறது. இந்த வரிசை முழுக்கக் கைகளுக்குத் தள்ளும் வேலைதான். இழுக்கும் வேலையே கிடையாது. இதை மட்டும் வருடக்கணக்கில் செய்தால் மார்பு வலுக்கும்; தோளின் பின்பக்கமும் நடுமுதுகும் பின்தங்கிவிடும். அதனால் கடைசியில் குப்புறப் படுத்துச் சலபாசனம் செய்யுங்கள். கைகளைப் பின்னால் நீட்டித் தரையிலிருந்து தூக்கி, தோள்பட்டை எலும்புகளை நெருக்கி ஐந்து மூச்சு, மூன்று முறை. பக்கத்துப் பூங்காவில் கம்பி இருந்தால், பிடித்து இழுத்து உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பழகுங்கள்.

கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதே குத்துகிறது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால், சதுரங்க தண்டாசனத்தை நிறுத்திவிட்டு முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் தோளைக் காட்டுங்கள்.