எரேசரைக் கீழே வையுங்கள்

எங்கள் ஸ்டூடியோவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், போன வாரம் ஒரு கல்யாணப் படத்தில் மறைந்த தாத்தாவைச் சேர்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்று பார்த்தேன். போட்டோஷாப்பின் எரேசர் கருவியால் தாத்தாவின் தோளைச் சுற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே காரியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படத்தை ஒரு பக்கமாக இழுத்து முகத்தைப் பூசணிக்காய் ஆக்குவதைப் பற்றியெல்லாம் பேசப் போவதில்லை. அதை மணப்பெண்ணே பார்த்துத் திட்டிவிடுவார். ஒரு ஆளை வெட்டி இன்னொரு படத்தில் ஒட்டும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எரேசரால் வெட்டுவது

ஒரு பெண்ணின் கல்யாண ஆல்பத்தில், காலமான அப்பாவை அம்மாவின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இருந்தது ஒரே ஒரு பழைய படம். ஸ்கேன் செய்து, பின்னணியை எரேசரால் அழித்து, ஓரங்களை வழுவழுப்பாக்கி, லேயர்களை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படங்களை, ஒன்றாக்கி, ஸ்கேன் செய்த கோப்பின் மேலேயே ஜேபெக்காகச் சேமித்தேன். மூலப் படத்தை அன்றே திருப்பிக் கொடுத்தாயிற்று.

12க்கு 18 அங்குல ஆல்பம் வந்தது. அந்த அம்மா பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவருடைய கடுக்கன் எங்கே தம்பி?"

காது மடலின் கீழ்ப்பகுதியோடு கடுக்கனையும் எரேசர் தின்றிருந்தது. மீட்க வழியில்லை, கோப்பை மூடியதுமே பழைய நிலைகளெல்லாம் போய்விட்டன. படத்தை ஊரிலிருந்து மறுபடி வரவழைத்தோம். ஒட்டிய ஆல்பத்தில் ஒரு தாளை மட்டும் உருவி மாற்ற முடியாது என்பதால் முழு ஆல்பத்தையும் என் செலவில் மறுபடி போட்டேன். பணத்தைவிட அந்த அம்மாவின் முகம்தான் இன்னும் உறுத்துகிறது.

எரேசருக்குப் பதில் லேயர் மாஸ்க்கை எடுங்கள். லேயரின் மேல் போடும் திரை மாதிரி அது, எதையும் அழிப்பதில்லை, மறைக்கிறது. கறுப்புத் தூரிகை மறைக்கும், வெள்ளை திரும்பக் கொண்டுவரும், சாம்பல் பாதி காட்டும். முடியின் ஓரத்துக்கு அந்தச் சாம்பல்தான் வேண்டும். எக்ஸ் விசையைத் தட்டினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, லேயர் பட்டியலில் இருக்கும் மாஸ்க்கின் சிறு படத்தைச் சொடுக்குங்கள். மாஸ்க் மட்டும் திரையில் வரும், நீங்கள் மறைக்க மறந்த திட்டுகள் பளிச்சென்று தெரியும். வேலை முடிந்ததும் லேயர்களை அப்படியே வைத்திருக்கும் போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் லேயர்கள் நிற்காது. போட்டோஷாப்புக்கு லேயர் வந்தது 1994இல். இன்னமும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சேமிப்பவர்களை என்ன சொல்வது?

வெளிச்சத்தைப் பார்க்காமல் ஒட்டுவது

மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். மற்றவர்களுக்கு இடப்பக்கம், புதிதாக வந்தவருக்கு வலப்பக்கம் என்றால் அவர் தனியாகத் தெரிவார். உடனே படத்தை இடவலமாகத் திருப்பிவிடாதீர்கள். சட்டைப் பை வலது மார்புக்கும், சேலை முந்தானை வலது தோளுக்கும் போய்விடும். பெரியவர்கள் கண்ணில் அதுதான் முதலில் படும்.

கால் நிழல்

பாதம் தரையைத் தொடும் இடத்தில் நிழல் போடவில்லையென்றால் ஆள் மிதப்பார்.

வாட்ஸ்அப்பில் வந்த படம்

வாங்காதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 18 அங்குலத்துக்கு 5400 வேண்டும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மூலப் படத்தின் மேலேயே சேமிப்பது

கடுக்கன் கதையைத்தான் சொன்னேனே.