கிடேரியின் முட்டைக் கணக்கு வயிற்றிலேயே முடிந்துவிடும்: மாடு வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

"வயிறு தெரியட்டும் தம்பி, அப்புறம் பிண்ணாக்கு வைக்கிறேன்." கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நாலு மாடு கட்டியிருக்கும் அக்கா சொன்னது இது. மாடு சினை பிடித்து இரண்டு மாதம், கறவையும் நிற்கவில்லை, தீனி என்று பார்த்தால் வைக்கோலும் மார்க்கெட்டில் பொறுக்கிய முட்டைக்கோஸ் இலையும்தான். நம்ம பக்கம் பெரும்பாலும் ஏழாம் மாதத்தில்தான் சினை மாட்டுக்குக் கவனிப்பே தொடங்கும். கன்று வளர்வதற்கு அது உதவும், சரி. ஆனால் உள்ளே இருப்பது கிடேரி என்றால், அதன் சினைப்பையில், அதாவது முட்டைகள் உருவாகும் உறுப்பில், முக்கியமான வேலை அதற்குள் முடிந்திருக்கும்.

மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். 110ஆவது நாள் வாக்கில் பெண் கருவிடம் 20 லட்சத்துக்கும் மேல் முட்டைச் செல்கள் இருக்கும், பிறக்கும்போது மிஞ்சுவது லட்சத்துச் சொச்சம். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் சேராது. அயர்லாந்தில் ஒரு ஆய்வில், சினை பிடிப்பதற்குச் சற்று முன்பிருந்து 110ஆவது நாள் வரை தாய்களுக்குத் தேவையில் 60 சதவீதத் தீனிதான் கொடுத்தார்கள். பிறந்த கன்றுகள் எடையில் குறையவே இல்லை, பார்த்தால் கொழுகொழு. ஸ்கேனில் தெரிந்த ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டையைச் சுற்றியிருக்கும் சிறு பைகள், மட்டும் 60 சதவீதம் குறைவு. பட்டினி கிடந்த தாய்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறியிருந்ததையும் கவனித்தார்கள். ஆக, கன்று எடையாகப் பிறந்தது, எல்லாம் சரி என்று நினைப்பதும் ஒரு தவறுதான்.

படித்தவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் பெண் ஹார்மோன், அது கூடினால் முட்டையும் நன்றாக வளரும் என்ற கணக்கு. கருவில் நடப்பது நேர்மாறு. கருவின் சினைப்பை தானே ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் சுரக்கிறது, அவை இரண்டும் ஃபாலிக்கிள் உருவாவதையும் வளரத் தயாராவதையும் பிடித்து நிறுத்தி வைக்கின்றன. 90 நாள் வாக்கில் முதல் ஃபாலிக்கிள்கள் வந்துவிட்டாலும், 140ஆவது நாள் வரை அவற்றால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது, ஆய்வகத்தில் எடுத்து வளர்த்தாலும் அசையாது. அந்த இரண்டு ஹார்மோன்களும் இறங்க இறங்கத்தான் கட்டு அவிழும். 210 நாள் வாக்கில் இரண்டாம் கட்ட ஃபாலிக்கிள்கள் தெரியும். எலியைப் பற்றிப் படித்துவிட்டு மாட்டுக்குப் பொருத்துவதும் இதே ரகம், எலிக்கு இதில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் நடக்கும்.

பருவத்துக்கு வராத கிடேரிக்கு "ஹார்மோன் ஊசி போட்டால் முட்டை ஊறும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஃபாலிக்கிளை வளரத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோன் ஊசி ஏற்கெனவே வளர ஆரம்பித்த பைகளைத்தான் பெரிதாக்கும், கையிருப்பைக் கூட்டாது. பருவத்துக்கு வரவைக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியை, சினையா இல்லையா என்று கைவிட்டுப் பார்க்காமல் போட்டால் கருவே கலைந்துவிடும்.

கடைசியாக, இரட்டைக் கன்று. காளையும் கிடேரியுமாகப் பிறந்தால் வீட்டில் ஒரே கொண்டாட்டம், ஆனால் அந்தக் கிடேரிகளில் 10க்கு 9க்கு மேல் மலடு. நஞ்சுக்கொடியில் இருவர் ரத்தக்குழாயும் ஒன்று சேர்ந்துவிடுவதால், காளைக் கருவின் விதைப்பையில் சுரக்கும் ஏஎம்எச் என்ற ஹார்மோன் கிடேரிக்குள் போய்ச் சினைப்பையை வளரவிடாமல் செய்துவிடுகிறது. தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றை மூன்று வருஷம் தவிடு போட்டு வளர்த்து, நாலு தடவை சினை ஊசியும் போட்டுப் பார்த்தார். பிறந்த ஒரு மாதத்துக்குள் மாட்டு டாக்டர் மழுங்கிய கண்ணாடிக் குழாயைப் பிறப்புறுப்பில் மெதுவாக விட்டுப் பார்த்தாலே போதும்: நல்ல கன்றுக்கு 12 சென்டிமீட்டருக்கு மேல் போகும், இப்படிப்பட்ட மலட்டுக் கிடேரிக்கு அதில் பாதி தூரத்திலேயே முட்டி நின்றுவிடும்.