திருகோணமலையில் வீடு வளவு வாங்குவோரும் விற்போரும் விடும் பிழைகள்

காணி உரிமைப் பத்திரங்களான உறுதிகளை எழுதும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் பதினெட்டு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். உறுதிகள் எந்தக் கோலத்தில் வந்து சேரும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்: சீனிப் பையில் சுற்றி, அதன்மேல் றப்பர் வளையம் போட்டு, மடிப்பெல்லாம் நைந்து. ஒருநாள் அலஸ்தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா, 1990இல் இடம்பெயர்ந்தபோது இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடியது என்று ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்துப் பிரித்தார். உறுதி பத்திரமாகத்தான் இருந்தது. அது சொல்லும் காணிதான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. “வடக்கே ஒழுங்கை, தெற்கே வேலி, மேற்கே பனையடி வளவு, கிழக்கே கடலுக்குப் போகும் மணல்வழி.” பனை தறிபட்டுப் போயிருந்தது. வேலி இருந்த இடத்தில் வேறொருவருடைய மதில். ஒழுங்கை அகன்று வீதியாகியிருந்தது.

இந்த மாவட்டத்துக் காணிச் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. தாளில் ஒரு காணி, தரையில் ஒரு காணி. 1985, 1990, 2006 என்று சனங்கள் ஓடியும் திரும்பியும் வந்த ஊரில், 2004 டிசம்பர் 26 அன்று கடலே வேலிகளைப் பிடுங்கிக்கொண்டு போன ஊரில், இரண்டும் தாமாகப் பொருந்திவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. வாங்குகிறவர் வீட்டின் ஓட்டையும் நிலத்துத் தரையோட்டையும் தட்டிப் பார்க்கிறார். மாமரம் எத்தனை என்று எண்ணுகிறார். தாளையும் தரையையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதில்லை.

கையொப்பம் வைத்ததோடு முடிந்தது என்று நினைப்பது

காணி கைமாறுவதற்கு நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் எழுதிய உறுதி வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் தொடங்கி இன்றுவரை இதுதான் விதி. முத்திரை ஒட்டிய கடதாசியில் எழுதி, சமாதான நீதவான் கையெழுத்திட்ட ‘விற்பனை ஒப்பந்தம்’ எதுவும் காணியைக் கொடுக்காது. இதைச் சொன்னால், எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள் என்று பதில் வரும். அப்படியென்றால் அந்தத் தெரு முழுவதற்கும் ஒரே வருத்தம்.

உறுதி எழுதியபின் இன்னொரு படி இருக்கிறது. அதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, நீங்கள் முதலில் வாங்கியிருந்தாலும், உங்களுக்குப் பிறகு விலை கொடுத்து வாங்கியவர் முந்திக்கொண்டு பதிந்துவிட்டால் அவருடைய உறுதியே மேலோங்கும். அவர் பக்கம் மோசடி இருந்ததை நிரூபித்தால்தான் உங்களுக்கு வழி. ஆகையால் மூல உறுதி காணிப் பதிவகம் போய், பதிந்த திகதியோடும் பதிவேட்டுப் பக்க இலக்கத்தோடும் திரும்பி உங்கள் கைக்கு வரும்வரை நொத்தாரிசைத் தொந்தரவு செய்யுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்தப் பக்க இலக்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு காணி முதன்முதலில் எந்தப் பக்கத்தில் பதியப்பட்டதோ, அதற்குப் பின்வரும் எல்லா உறுதிகளும் அந்தப் பக்கத்தின் தொடர்ச்சியாகவே ஏறவேண்டும். எல்லை விவரம் மாறியதாலோ, அவசரத்தில் புதுப் பக்கம் திறந்ததாலோ ஒரே வளவு இரண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பிழையான பக்கத்தில் ஏறிய உறுதி, முந்தியது எது என்ற போட்டியில் உங்களுக்கு உதவாது. தேடுதல் செய்யும்போது கடைசி உறுதியை மட்டும் பார்த்துத் திரும்பாமல், வழக்கம்போல 30 வருடமாவது பின்னோக்கிப் போகச் சொல்வது இதற்காகத்தான். ஈடு (கடனுக்குக் காணியை அடகு வைத்தது), நீதிமன்ற வழக்கு, யாராவது போட்டுவைத்த எச்சரிக்கைப் பதிவு எல்லாம் அங்கேதான் தலைகாட்டும்.

தேடுதல் முடிந்தபின் நில அளவையாளரைக் காணிக்கு அழைத்துப் போங்கள். பழைய வரைபடத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தால் போதாது. அவர் வந்து எல்லைக்கல்லைத் தேடவேண்டும். 20 பேர்ச்சஸ் என்று உறுதி சொல்லும், தரையில் பதினேழரைதான் கிடைக்கும். இரண்டரை பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 680 சதுர அடி. உவர்மலையில் அது ஒரு கிணறும் குளியலறையும் வாகனம் நிறுத்தும் இடமும். அந்த அம்மாவின் காணியும் இப்படி அளந்துதான் அகப்பட்டது: பழைய எல்லைக்கல் பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டின் அடியில் இருந்தது.

அனுமதிப் பத்திரக் காணியை அறுதியாக (முழு விற்பனையாக) வாங்குவது

இந்தச் சிக்கல் கந்தளாய்க் குடியேற்றத் திட்டக் காணிகளோடு நின்றுவிடுவதில்லை. நகரத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளிலும் ஏராளமான வளவுகள் அரச காணிகளே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய, அரச காணியில் நிபந்தனையோடு இருக்கவிடும் அனுமதிப் பத்திரத்தையோ, அதை நிபந்தனையோடு கொடுத்துவிடும் அளிப்புப் பத்திரத்தையோ காட்டி, அரசாங்கம் தந்த உறுதி என்று விற்பார்கள். அளிப்புப் பத்திரமென்றால் சனாதிபதியின் கையொப்பம் இருக்கும். பார்ப்பதற்கு வடிவாகவும் இருக்கும். அளிப்புக் காணியைக்கூட பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதத்தை முன்கூட்டியே பெறாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அனுமதிப் பத்திரத்தின் நிலைமை அதைவிட மோசம். நிபந்தனையை மீறினால் பத்திரமே இரத்தாகலாம். பத்து இலட்சத்துக்கு வீட்டைக் கட்டியபின் இதைத் தெரிந்துகொள்வதைவிட, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் ஒரு காலை நேரத்தைச் செலவழிப்பது மேல். காணி எந்தப் பிரிவில் வருகிறதோ அந்தச் செயலகத்துக்கே போகவேண்டும். கிராம உத்தியோகத்தரின் வதிவிடக் கடிதம் உரிமைக் கடிதம் அல்ல என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்படியான காணி உங்கள் பெயரில் இருந்தால், உங்களுக்குப் பின் அதைப் பெறவேண்டிய பின்னுரித்தாளரை நியமித்துப் பதிந்துவிடுங்கள். அதைச் செய்யாமல் கண்ணை மூடிய ஒருவரின் பிள்ளைகள் செயலக வராந்தாவில் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டவன் நான்.

அற்றோணித் தத்துவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது

உரிமையாளர் கனடாவில், அவருக்குப் பதிலாகக் கையொப்பமிட அதிகாரம் தரும் தத்துவப் பத்திரத்தோடு தம்பி இங்கே. திருகோணமலையில் இன்று நடக்கும் விற்பனைகளில் இது சாதாரணம். தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே அந்தப் பத்திரத்தின் உயிரும் போய்விடும். உப்புவெளிப் பக்கம் ஒருவர் முற்பணம் கொடுத்து, உறுதி எழுதும் நாள் குறித்து, அதற்கு முதல்நாள் இரவு பொழுதுபோகாமல் மரண அறிவித்தல் இணையத்தளமொன்றைப் பார்த்தார். விற்பவரின் படம் அதில் இருந்தது. ஆறு மாதம் முந்திய திகதி. தம்பிக்கும் உள்ளுக்குள் கெட்ட எண்ணம் இல்லை. அண்ணன் இருக்கும்போது சொன்னதைத்தானே செய்கிறேன் என்றார். சட்டத்துக்கு அது போதாது. பிள்ளைகள் இப்போது உரித்தாளர்கள், அவர்கள் சம்மதிக்கவேண்டும். ஆகவே உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் முகம் பார்த்துப் பேசுங்கள். அவருடைய பெயரையும் ஊரையும் ஒருதடவை இணையத்தில் தேடுங்கள். பத்திரம் விற்பதற்கு அதிகாரம் தருகிறதா, பராமரிப்பதற்கு மட்டுமா என்பதை ஒரு வரி விடாமல் வாசியுங்கள்.

வெளிநாட்டு உறவினர் வாங்கும் பக்கத்தில் இருந்தால் வேறொரு கேள்வி வரும். 2014ஆம் ஆண்டின் காணிக் கைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டுப் பிரசைக்குக் காணியை விற்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்ட அண்ணன், தன் காசில் தம்பி பெயரில் வாங்குவது இதனால்தான் பெருகியிருக்கிறது. தம்பிக்குக் கல்யாணம் ஆகும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும்.

கடனுக்காக அறுதி எழுதிக்கொடுப்பது

இதைப்பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அவசரத்துக்குப் பணம் வேண்டும். கொடுப்பவர் ஈடு வேண்டாம், அறுதியாகவே எழுதித் தாருங்கள், பணத்தைத் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன் என்பார். திருப்பி எழுதுவதாகச் சொன்னது வாய்ப்பேச்சு. உறுதியில் இருப்பதோ, விலைப்பணம் முழுவதையும் பெற்றுக்கொண்டேன் என்ற வரி. பிறகு நீதிமன்றத்தில் அது கடன்தான் என்று நிறுவ வருடக்கணக்காகும், நிறுவ முடியாமலும் போகும். கடனென்றால் ஈட்டு உறுதி எழுதுங்கள். அதற்குச் சம்மதிக்காதவர் உங்கள் வீட்டைக் குறிவைத்தே பணம் தருகிறார்.

விற்பவர்களுக்கும் அதே வரிதான் ஆபத்து. காசோலையை வாங்கிக்கொண்டு, அது வங்கியில் மாறுவதற்கு முதலே கையொப்பம் வைத்துவிடாதீர்கள். பணம் கணக்கில் ஏறியதை நொத்தாரிசின் மேசையிலேயே தொலைபேசியில் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். முற்பணம் வந்ததும் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிடுவது இன்னொரு பழக்கம். மிகுதிப் பணம் வராது, ஆனால் குடும்பம் ஒன்று சமையலறையில் உலை வைத்திருக்கும்.

முத்திரைத் தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்துக் காட்டுவதும் ஊர் வழக்கம். முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்ற கணக்கு பலரைச் சோதிக்கிறது. நாளைக்கு வழக்கென்று வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தக் குறைந்த தொகைதான். நீங்களே விற்கும்போது இலாபம் பெரிதாகத் தெரியும், மூலதன இலாப வரி அதன்மேல்தான் வரும். இந்த வரி 2018 ஏப்ரல் முதல் மீண்டும் நடைமுறையில் இருக்கிறது. தொடர்ந்து மூன்று வருடம் உங்களுக்குச் சொந்தமாக இருந்து, அதில் இரண்டு வருடமாவது நீங்கள் குடியிருந்த பிரதான வசிப்பிடத்துக்கு விலக்கு உண்டு. சோலைவரி, மின்கட்டணப் பற்றுச்சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடியில் பார்த்து வாங்குவது

விடுமுறைக்கு வரும் உறவினர்கள் ஆடி ஆவணியில்தான் காணி பார்க்கிறார்கள். கச்சான் காற்று அடித்து, நிலம் பாளமாக வெடித்திருக்கும். கார்த்திகை பிறந்து வாடைக்காற்றோடு மழை பிடித்தால் அதே காணியில் தவளை கத்தும். மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் மகாவலி பெருகும் காலத்தை ஊரவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். தரகரிடம் கேட்காமல், பக்கத்துக் கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், சுவரில் கைவைத்துக் காட்டுவார். நிலாவெளிப் பக்கமென்றால் கோடை முடிவில் கிணற்று நீரை வாயில் விட்டுப் பாருங்கள். தூண்களில் கம்பி ஊதிச் சீமெந்து வெடித்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கடல்மணலில் கட்டிய வீட்டை வெள்ளை பூசி மறைத்துவிடலாம்.

கடலோரத்தில் இன்னொன்று. சராசரி உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுவதற்கு 1981ஆம் ஆண்டின் சட்டப்படி கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பக்கத்தில் விடுதி நிற்கிறதே என்று கேட்பார்கள். அது அனுமதியோடு நிற்கிறதா என்பது யாருக்குத் தெரியும்?

பூட்டிவிட்டுப் போய்விடுவது

அடுத்தவர் காணியில் பத்து வருடம் இருந்துவிட்டால் அது சொந்தம் என்பது பாதி உண்மை. உங்கள் அனுமதியோடு இருப்பவருக்கு அந்த உரிமை எளிதில் பிறக்காது. கூட்டு உரித்தாளருக்கும் அப்படியே. அரச காணியில் அது பிறக்கவே பிறக்காது. போரால் தம் காணியை அணுக முடியாதவர்களுக்காக 2016இல் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழிசெய்தது. ஆனால் வழக்குத் தொடர அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். அதற்குப் பிறகும் சும்மா இருப்பவர்களைப் பார்த்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

யாராவது வேலியைப் பிரித்து உள்ளே புகுந்தால், ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று தைப்பொங்கல்வரை காத்திருக்காதீர்கள். 1979ஆம் ஆண்டின் முதனிலை நீதிமன்றச் சட்டம் 66ஆம் பிரிவின் கீழ், பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு உடைமையைத் திருப்பிக் கொடுக்க நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது; ஆனால் வெளியேற்றம், நீதிமன்றத்தில் தகவல் தாக்கலாவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருக்கவேண்டும். ‘66 வழக்கு’ என்று ஊரே அறிந்த இந்த வழியைப் பலர் அறுபத்தைந்தாவது நாளில்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அன்றே பொலிஸில் முறைப்பாடு, அன்றே படங்கள், அந்த வாரமே சட்டத்தரணி.

வீட்டை உறவினரிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்தால் அதையும் எழுதுங்கள். மச்சானிடம் எழுத்துக் கேட்பதா என்று வெட்கப்படுகிறவர்கள், மச்சானின் மகனோடு பிறகு கணக்குப் பார்க்கவேண்டி வரும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகையை நொத்தாரிசு முன் குத்தகையாக எழுதிப் பதிவதே முறை. உங்களுக்குத் தெரியாமல் யாராவது உறுதி முடித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் காணிப் பதிவகத்தில் எச்சரிக்கைப் பதிவு போடலாம். அதற்குக் காலவரை உண்டு, முடியுமுன் புதுப்பிக்கவேண்டும்.

கடைசியாக, சின்ன விடயம். அடுத்த ஓட்டத்தில் நனைந்துவிடக்கூடாது என்று மூல உறுதியை லமினேற் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். பிரதிகளை எத்தனை வேண்டுமானாலும் லமினேற் செய்து சுவரில் மாட்டுங்கள். மூல உறுதியின் முதுகில் இன்னும் பல தடவை பதிவகம் எழுதவேண்டியிருக்கும். பிளாஸ்ரிக்கில் மையும் பிடிக்காது, முத்திரையும் ஒட்டாது. இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி, வியர்வையில் நனைந்து மஞ்சளாகிப் போன அந்த அலஸ்தோட்டத்து உறுதியில் எங்களால் எழுத முடிந்தது.