கடல் அறிவியல் டிகிரி: எங்க சேர்றது, சேர்ந்தப்புறம் என்ன பண்றது

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்துல எங்க ஊர்ப் பசங்க ரெண்டு மூணு பேராவது "அக்கா, மரைன் படிக்கணும், எந்த காலேஜ்?"னு மெசேஜ் போடுவாங்க. நான் திருப்பி கேக்குறது, எந்த மரைன்? ஏன்னா நம்ம பக்கம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத படிப்புங்க எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள்ள கெடக்கு. மரைன் இன்ஜினியரிங், நாட்டிக்கல் சயின்ஸ் ரெண்டும் கப்பல் வேலைக்கான படிப்பு, ஒண்ணு இன்ஜின் ரூம், இன்னொண்ணு கப்பல ஓட்டுறது, அதுக்கு ஐஎம்யு செட்னு தனி நுழைவுத்தேர்வு இருக்கு, சென்னை உத்தண்டில இருக்குற இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்துறது. நல்ல படிப்புதான், ஆனா அதுல பவளப்பாறையும் வராது, ஆமையும் வராது. டால்ஃபின் ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசப்பட்ட பையன் ஒருத்தன் யாரோ ஏஜெண்ட் சொன்னத கேட்டு கப்பல் படிப்புக்கு அட்வான்ஸ் கட்டிட்டு வந்து நின்னான், அந்தக் காசு திரும்பி வரவே இல்ல. அதனால பேர விட்டுட்டு முதல்ல சிலபஸ பாருங்க, அது யுனிவர்சிட்டி வெப்சைட்லயே கெடைக்கும்.

கடல் அறிவியல்னு நான் சொல்றது கடலையே படிக்கிறது. அதுக்குள்ளயும் பிரிவு இருக்கு, அலை நீரோட்டம் வெப்பம் எல்லாம் இயற்பியல், உப்பு ஆக்சிஜன் சத்துப்பொருள் எல்லாம் வேதியியல், கடலடி மண்ணும் பாறையும் நிலவியல், மிச்சம் உயிரியல். முக்காவாசி பேர் உயிரியல மட்டும் நெனச்சுக்கிட்டு வர்றாங்க, ஆனா ஒரு எடத்துல மீன் ஏன் கூடுதுன்னு சொல்லணும்னா தண்ணி எங்கேந்து வருது, எவ்வளவு சூடு, எவ்வளவு உப்புன்னு தெரிஞ்சாகணும், அதனால எந்தப் பிரிவுக்குப் போனாலும் மத்த மூணும் கொஞ்சம் கொஞ்சம் வேணும். கணக்கு புடிக்காதுன்னு பயாலஜி குரூப் எடுத்தவங்களுக்கு இத இப்பவே சொல்லிடுறேன், இங்கயும் கணக்கு உங்கள தேடி வரும்.

சரி, தமிழ்நாட்டுல எங்க படிக்கிறது. நேரா இளநிலைன்னா முதல்ல சொல்ல வேண்டியது பி.எஃப்.எஸ்சி., மீன்வள அறிவியல், நாலு வருஷம். நாகப்பட்டினத்த தலைமையிடமா வெச்சு 2012ல ஆரம்பிச்ச மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருது. தூத்துக்குடி காலேஜ் 1977லயே தொடங்குனது, அதுதான் மூத்தது, பொன்னேரிலயும் ஒண்ணு இருக்கு. ப்ளஸ் டூ மார்க் வெச்சு ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், இயற்பியல் வேதியியல் உயிரியல் படிச்சிருக்கணும். அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கு 2021ல வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இதுக்கும் பொருந்தும், இது தெரியாமலே பல பேர் அப்ளை பண்ணாம விட்டுடுறாங்க. மீனவக் குடும்பத்துப் பிள்ளைங்க ப்ராஸ்பெக்டஸ்ல சிறப்பு ஒதுக்கீடு பக்கத்த தவறாம படிங்க, எந்த சர்டிபிகேட் வேணும்னு பாத்து முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க, கடைசி நாள்ல ஆபீஸ் ஆபீஸா அலைய முடியாது.

ஆனா பி.எஃப்.எஸ்சி. முழுக்க கடல் இல்ல. கெண்டை மீன் குளம், இறால் பண்ணை, தீவனம், மீன் நோய், வலை, பதப்படுத்துறது, பொருளாதாரம்னு எல்லாம் வரும். மீன்வளத்துறை வேலை, பண்ணை, ஏற்றுமதி கம்பெனின்னு வேலைய நோக்கிப் போறவங்களுக்கு இத விட நல்ல வழி எனக்குத் தெரியல. பவளப்பாறை, கடல் சூழலியல்னு ஆராய்ச்சிப் பக்கம் மனசு போனா, நான் பி.எஸ்சி. விலங்கியல்தான் சொல்வேன், இல்லன்னா தாவரவியல், வேதியியல், இயற்பியல். வீட்டுக்குப் பக்கத்துல நல்ல வாத்தியாருங்க இருக்குற காலேஜ்ல ஒரு அடிப்படைப் பாடத்த உருப்படியா படிச்சுட்டு முதுகலைல கடலுக்குள்ள எறங்குறது. நான் அப்படித்தான் வந்தேன், விலங்கியல் முடிச்சு பரங்கிப்பேட்டைல எம்.எஸ்சி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் அங்க வெள்ளாறு கடல்ல சேர்ற எடத்துலயே இருக்கு, பிச்சாவரம் சதுப்புநிலக் காடும் கிட்டக்கதான். ஐப்பசி கார்த்திகை மழைல வெள்ளாத்துத் தண்ணி கிட்டத்தட்ட நல்ல தண்ணியாயிடும், அதே எடம் சித்திரை வைகாசில கடல் மாதிரி உப்பாயிடும், இந்த மாத்தத்த தாங்குற உயிர் எது தாங்காதது எதுன்னு ஒரு வருஷம் தண்ணி மொண்டு பாத்தாலே பாதி பாடம் மண்டைல ஏறிடும்.

இயற்பியலும் கணக்கும் நல்லா வரும்னா ஐஐடி மெட்ராஸ்ல கடல்சார் பொறியியல் துறை இருக்கு, ஜேஇஇ அட்வான்ஸ்ட் எழுதணும். பள்ளிக்கரணைல இருக்குற என்ஐஓடி, அதாவது தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஆழ்கடலுக்கு மூணு பேர கொண்டுபோற மத்ஸ்யா 6000 நீர்மூழ்கிய செய்யுற எடம், அங்கல்லாம் மெக்கானிக்கல் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்களுக்கும் வேலை இருக்கு. கடல் வேலைன்னா மீன் மட்டும்தான்னு நெனச்சு ஒதுங்கிடாதீங்க.

இலங்கைல இருக்குறவங்களுக்கு மாத்தறைல ருகுணு பல்கலைக்கழகத்துல மீன்பிடி, கடல் அறிவியலுக்குன்னு தனி பீடமே இருக்கு, யாழ்ப்பாணத்துலயும் மீன்பிடித் துறை இருக்கு, ஏ/எல் உயிரியல் எடுத்து இசட் ஸ்கோர் வழியா போறது. வெளிநாட்டு டிகிரி பத்தியும் நெறைய பேர் கேக்குறாங்க, கடன் வாங்கி இளநிலைக்கு வெளிநாடு போறத நான் சொல்ல மாட்டேன், உதவித்தொகையோட முதுகலைக்கோ பிஎச்டிக்கோ போற வழி இருக்குறப்ப வீட்ட அடமானம் வெக்க வேண்டாம்.

இப்ப சேர்ந்தப்புறம் பண்ண வேண்டியது. எந்த காலேஜா இருந்தாலும் கடல்கிட்ட கூட்டிட்டுப் போறது வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு ஃபீல்ட் ட்ரிப்தான், அது சுத்தமா பத்தாது. நீங்களா போகணும். வீட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ கிட்ட இருக்குற ஒரே எடத்த தேர்ந்தெடுங்க, பாறை இருக்குற கரையா இருந்தா ரொம்ப நல்லது. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி வத்தம், அதாவது கடல் தண்ணி உள்வாங்குறது, நல்லா எறங்கும், அந்த நேரம் பாத்துப் போய் அம்பது சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு சட்டம் போட்டு, பழைய பிவிசி பைப்பே போதும், அதுக்குள்ள என்னென்ன இருக்கு எத்தன இருக்குன்னு எண்ணி நோட்டுல எழுதுங்க, தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம், தண்ணி எவ்வளவு சூடு, எல்லாத்தையும். ரெண்டு வருஷம் விடாம பண்ணுனா உங்க கைல இருக்குறது ஒரு நெசமான டேட்டா, எந்த லேப்ல போய் நின்னாலும் மார்க்ஷீட்டுக்கு முன்னாடி அத எடுத்து நீட்டலாம்.

ஒண்ணு மட்டும் கவனம், எண்ணுங்க, போட்டோ எடுங்க, பிடுங்கிட்டு வராதீங்க. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, செத்த பவளத்த கூட ஞாபகத்துக்குன்னு எடுத்துட்டு வரக்கூடாது. மன்னார் வளைகுடாவுல 21 தீவு 1986லேந்து தேசியப் பூங்கா, அங்க கால வெக்க வனத்துறை அனுமதி வேணும், ஃப்ரெண்டோட அண்ணன் போட்டுல போலாம்னு யாராவது கூப்பிட்டா போகாதீங்க.

அடுத்தது மீன் எறங்கு தளம். காலங்காத்தால நாலரை அஞ்சு மணிக்கு போங்க. லேப்ல ஃபார்மலின்ல வெளுத்துப் போன மீன பாத்து பேர் படிக்கிறதுக்கும், இப்பத்தான் வந்த மீன கலரோட பாக்குறதுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கு. ஊர்ப்பேர கேட்டு எழுதிக்கோங்க, ஆனா அதோடயே அறிவியல் பேரயும் சேத்துப் படிங்க. ஏன்னு சொல்றேன், தூத்துக்குடிப் பக்கம் சீலான்னா வஞ்சிரம், சென்னைல ஷீலான்னு கேட்டா வேற மீன எடுத்துக் குடுப்பாங்க, அத தூத்துக்குடில ஊளின்னு சொல்வாங்க. வஞ்சிரத்த ஸ்காம்பெரோமோரஸ்னும் ஊளிய ஸ்ஃபைரீனான்னும் எழுதுனாதான் ரெண்டும் வேறன்னு எழுத்துல நிக்கும். அங்க இருக்குற பெரியவங்ககிட்ட அய்யா, அம்மானு பேசி ஓரமா நில்லுங்க, ஏலம் நடக்குறப்ப குறுக்க போகாதீங்க. நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குது, கச்சான் காத்து எப்ப கெளம்பும், வாடைக் காத்துல என்ன மீன் படும்னு அவங்க சொல்றத எழுதி வெச்சுக்கிட்டு அப்புறம் புக்குல நீரோட்டம் பாடத்த பிரிச்சுப் பாருங்க, எனக்கு அந்தப் பாடம் புரிஞ்சதே அப்படித்தான். கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், அந்த ரெண்டு மாசம் தளத்துல கூட்டம் இருக்காது, ஆனா வலை பின்னிட்டு இருக்குறவங்ககிட்ட ஒக்காந்து பேச அத விட நல்ல நேரம் கெடையாது.

நீச்சல் கண்டிப்பா கத்துக்கணும், பொண்ணுங்களும்தான், வீட்ல வேணாம்னு சொன்னா அம்மாவயும் கூட்டிட்டுப் போங்க. ஸ்கூபா அவசரம் இல்ல, செலவும் ஜாஸ்தி, தேவப்படுறப்ப பண்ணிக்கலாம். போட்டுல போறப்ப தலை சுத்துறவங்க முந்துன நாள் நல்லா தூங்கி, வெறும் வயித்தோட ஏறாம இட்லி மாதிரி லேசா சாப்டுட்டு, போனப் பாக்காம தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டப் பாத்துக்கிட்டு ஒக்காந்தா கொஞ்சம் தாங்கும்.

சென்னைல இருந்தா ஜனவரிலேந்து மார்ச் வரைக்கும் ராத்திரி ஆமை நடைக்குப் போங்க, 1988லேந்து மாணவர்கள் சேர்ந்து நடத்துறது, பங்குனி ஆமை முட்டைய கண்டுபிடிச்சு காப்பகத்துக்கு எடுத்துட்டு வருவாங்க, மைல் கணக்கா மணல்ல நடக்கணும். மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐ, அதாவது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட மியூசியமும் அக்வேரியமும் இருக்கு, 1947ல தொடங்குன அந்த நிறுவனத்தோட தலைமையகம் 1971ல கொச்சிக்கு மாறுறதுக்கு முன்னாடி மண்டபத்துலதான் இருந்துச்சு, ராமேஸ்வரம் போறவங்க ஒரு மணி நேரம் எறங்கிப் பாத்துட்டுப் போங்க.

அப்புறம் கம்ப்யூட்டர். இத ரெண்டாம் வருஷத்துலயே ஆரம்பிச்சுடணும். புள்ளியியல் கத்துக்கோங்க, அத போட ஆர் இல்லன்னா பைத்தான்னு கம்ப்யூட்டர் மொழி ஒண்ணு, மேப் போட க்யூஜிஐஎஸ்னு ஒரு சாஃப்ட்வேர், ஆர், பைத்தான், க்யூஜிஐஎஸ் மூணும் இலவசம். ஆர்கோ மிதவைன்னு உலகம் முழுக்க ஆயிரக்கணக்குல கடல்ல மிதக்குது, பத்து நாளைக்கு ஒரு தடவ 2000 மீட்டர் வரைக்கும் எறங்கி ஏறி வெப்பத்தையும் உப்பையும் அளந்து சாட்டிலைட்டுக்கு அனுப்பும், அந்த டேட்டாவ யார் வேணா டவுன்லோட் பண்ணலாம், ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையத்தோட வெப்சைட்லயும் கெடைக்கும். முதல் வேலையா வங்கக்கடல்ல ஒரு மிதவை, அரபிக்கடல்ல ஒரு மிதவை எடுத்து மேல் தண்ணியோட உப்ப ஒரே வரைபடத்துல போடுங்க. வங்கக்கடல் பக்கம் கோடு கீழ நிக்கும், கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டாந்து கொட்டுற நல்ல தண்ணி அது. ஒங்க கையால போட்ட கோட்டுல அத பாக்குறப்ப வர்ற சந்தோஷம் தனி.

மூணாம் வருஷம் வர்றதுக்குள்ள ஒரு கோடை விடுமுறையாவது லேப்ல வேல பாருங்க. இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து குடுக்குற கோடைக்கால ஃபெலோஷிப் இருக்கு, அது கெடைக்கலன்னா நேரா விஞ்ஞானிகளுக்கு மெயில் போடுங்க. ஒரே மெயில அம்பது பேருக்கு அனுப்புனா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. அவங்க எழுதுன ஒரு கட்டுரைய முழுசா படிச்சு, அதுல உங்களுக்கு வந்த ஒரு கேள்விய எழுதி, கூடவே உங்க கரையோர நோட்டுலேந்து ஒரு பக்கத்த போட்டோ எடுத்து சேத்து அனுப்புங்க. பத்து பேருக்கு அப்படி அனுப்புனா ஒருத்தராவது வரச் சொல்வாங்க.

டிகிரி முடிச்சா உடனே பெரிய சம்பளம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆராய்ச்சிக்குன்னா முதுகலை இல்லாம நகராது, அதுக்கப்புறம் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு, அதுல லைஃப் சயின்ஸும் இருக்கு, பூமி வளிமண்டலம் கடல் எல்லாம் சேந்த தனி தாளும் இருக்கு, எது ஒத்து வரும்னு பழைய கேள்வித்தாள எடுத்து வெச்சு ஒக்காந்து போட்டுப் பாருங்க. பி.எஃப்.எஸ்சி. காரங்க டிஎன்பிஎஸ்சில மீன்வளத்துறை அறிவிப்பு வருதான்னு நாலாம் வருஷத்துலேந்தே பாத்துக்கிட்டே இருங்க, அது வருஷா வருஷம் வர்றதில்ல, வர்றப்ப தயாரா இருக்கணும். வீட்ல காசுக்கு அவசரம்னா இறால் குஞ்சுப் பொரிப்பகம், ஏற்றுமதி கம்பெனில தரக்கட்டுப்பாடு, ரெண்டுலயும் ரெண்டு வருஷம் வேல பாத்துட்டு முதுகலைக்கு வந்தவங்க எங்க பேட்ச்லயே இருந்தாங்க, தண்ணிய பாத்தே இதுல ஆக்சிஜன் கொறையுதுன்னு சொல்ற அளவுக்கு அவங்களுக்குப் பழக்கம் இருந்துச்சு, நாங்க டைட்ரேஷன் பண்ணித்தான் கண்டுபிடிச்சோம்.