யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர்: ஒரு நாளை வீணாக்கும் தவறுகள்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பிள்ளைகளோடு சிங்கப்பூர் கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் குறித்து வைப்பது செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸைத்தான். 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 20 ஹெக்டேர். நடுவில் ஒரு நீர்நிலை, அதைச் சுற்றி ஏழு பகுதிகள். நின்று பார்க்காமல் நடந்தால் அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். இந்தச் சின்ன அளவுதான் ஏமாற்றுகிறது. ‘ஒரு நாள் தாராளம்’ என்று நிதானமாகப் போகிறார்கள். கூட்டமான நாளில் ஒவ்வொரு பெரிய ரைடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். மாலையில் கணக்குப் பார்த்தால் நாலைந்து ரைடுதான் தேறியிருக்கும். பிள்ளை ஆசையாகக் கேட்ட ஒன்று விடுபட்டிருக்கும்.

வரிசையில் போகும் நேரத்தைக் குறைப்பதுதான் முழு வேலையும். அதில் பாதி, வீட்டில் தேதி குறிக்கும்போதே முடிந்துவிடுகிறது.

நம் ஊர் விடுமுறையை மட்டும் பார்த்து நாள் குறிப்பது முதல் தவறு. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நடுவாண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முடியும்வரை நீளும். ஆண்டு இறுதி விடுமுறை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை. இவை தவிர மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியிலிருந்தே லீவு என்பது இங்கே ஒரு நல்ல வசதி. மே முதல் பாதியில், மே தினம், விசாக தினம் போன்ற அரசு விடுமுறைகளைத் தள்ளி, ஒரு செவ்வாயோ புதனோ போனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். அதே குடும்பம் ஜூன் முதல் சனிக்கிழமை போனால் அனுபவமே வேறு.

அடுத்தது, விமானத்திலிருந்து இறங்கிய அன்றே பூங்காவுக்குப் போவது. நம் பக்கமிருந்து பல விமானங்கள் நள்ளிரவில் கிளம்பி விடியற்காலையில் சாங்கியில் இறங்குகின்றன. ஹோட்டல் அறை பிற்பகலில்தான் கிடைக்கும், அதுவரை என்ன செய்வது என்று நேராகச் செந்தோசாவுக்குக் கிளம்புகிறார்கள். பயணமே நாலு மணி நேரம்தான், உண்மையான தூக்கம் இரண்டு மணி நேரம்கூட இருக்காது. மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளை தோளில் தூங்கிவிடும், பெரியவர்களுக்குத் தலைவலி. அன்றைக்குப் பூங்கா வேண்டாம். இரண்டாவது அல்லது மூன்றாவது நாள் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதையும் சேர்த்து யோசியுங்கள். காலை 10 மணிக்கு வாசலில் நிற்பது உடம்புக்கு 7.30 மணிதான். முந்தைய இரவே சீக்கிரம் படுத்தால்தான் அது நடக்கும்.

வாசலில் சுழலும் பெரிய உலக உருண்டையின் முன் காலையிலேயே படம் எடுக்க நின்றுவிடுவது எல்லோரும் செய்வது. அது டிக்கெட் சோதிக்கும் இடத்துக்கு வெளியே இருக்கிறது. இரவு வெளியே வந்தபின் நிதானமாக எடுக்கலாம், விளக்கொளியில் இன்னும் அழகாகவும் இருக்கும். காலையின் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஈடாக அந்த நாளில் வேறு எதுவும் இல்லை. உள்ளே நுழைந்ததும் கடைகளைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், உங்கள் குடும்பத்துக்கு எது முக்கியமோ அங்கே போய்விடுங்கள். பிள்ளைகள் பெரியவர்கள் என்றால் வலப்பக்கமாக, நியூயார்க் பகுதியைக் கடந்து சயின்ஸ் ஃபிக்‌ஷன் நகருக்கு. சின்னவர்கள் என்றால் இடப்பக்கம், 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் பகுதிக்கு.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரிசையின் நீளத்தைப் பார்த்துக் காத்திருக்கும் நேரத்தைக் கணிக்கக் கூடாது. ஒரு முறையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடில் ஒரு வண்டிக்கு 12 பேர், வண்டிகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். பெரிய வரிசைகூட நகர்ந்துவிடும். லாஸ்ட் வேர்ல்ட் பகுதியில் இருக்கும் கேனப்பி ஃப்ளையரில் ஒரு தொங்கும் வண்டிக்கு நாலே பேர், இருவர் முன்பக்கம் பார்த்து, இருவர் பின்பக்கம் பார்த்து. முப்பது பேர் நிற்கிறார்களே, சின்ன வரிசைதானே என்று சேர்ந்தால் கால் கடுத்துவிடும். பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவிலும் இதே கதை. 42 மீட்டருக்கு மேல் உயரமுள்ள இந்த ஜோடி ரோலர் கோஸ்டர் 2013-இல் மூடப்பட்டு 2015-இல் திரும்பத் திறந்தபோது, நாலு பேர் வரிசையாக உட்கார்ந்த வண்டிகளுக்குப் பதில் இருவர் உட்காரும் வண்டிகள் வந்தன. ஒரு நடையில் ஏறுவோர் குறைந்துவிட்டார்கள். ஆகவே கேலக்டிகாவையும் கேனப்பி ஃப்ளையரையும் காலையிலேயே முடியுங்கள். மற்றவற்றுக்கு எத்தனை நிமிடம் என்று பூங்காவின் செயலியிலும் ரைடு வாசலில் உள்ள பலகையிலும் பார்த்துக்கொண்டால் போதும்.

நீண்ட வரிசையில் நிற்காமல் சீக்கிரம் ஏறக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை முதல் நாளே வாங்கிவிடத் துடிக்காதீர்கள். கூட்டத்துக்கேற்ப அதன் விலை மாறும், சில நாள் நுழைவுக் கட்டணத்தையே எட்டிவிடும். வார நாளில் காலையில் போகிறவர்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம். அதைவிட, காசில்லாமல் கிடைக்கும் இரண்டு வசதிகள் நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, தனியாள் வரிசை. நாலு பேர் இருக்கையில் மூன்று பேர் கொண்ட குடும்பம் உட்கார்ந்தால் ஓரிடம் காலி. அதை நிரப்பத்தான் இந்த வரிசை. கல்லூரிப் பிள்ளைகள், நண்பர்கள் குழு எல்லாம் சேர்ந்தேதான் உட்காருவோம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ரைடில் யாரும் பேசிக்கொண்டா போகப்போகிறோம்? இன்னொன்று, குழந்தை மாற்று வசதி. கைக்குழந்தையோ உயரம் போதாத பிள்ளையோ இருந்தால், அப்பா ஏறி வரும்வரை அம்மா குழந்தையோடு இருக்கலாம். அவர் வந்ததும் அம்மா மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் எத்தனையோ அம்மாக்கள் நாள் முழுக்கத் தள்ளுவண்டிக்குக் காவலாக நிற்பதைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது.

பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., ஜுராசிக் பார்க் படகுக்கு 107, மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, கேலக்டிகாவுக்கு 125. இரண்டு செ.மீ. குறைந்தாலும் விடமாட்டார்கள், கெஞ்சுவதில் பயனில்லை. அவர்கள் செய்வது சரிதான். பாதுகாப்புக் கம்பி அந்த உடலளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் ஒரு ரைடைச் சொல்லிச் சொல்லி ஆசை வளர்த்த பிள்ளையை வாசலில் அளவுகோல் முன் அழவைப்பதைவிட, எதில் ஏறலாம் என்று முன்பே பட்டியல் போட்டுக் காட்டுவது நல்லது.

உடையிலும் கவனம் வேண்டும். புடவை, நீளத் துப்பட்டா, எளிதில் கழலும் செருப்பு மூன்றுமே ரைடுகளுக்கு ஒத்துவராது. கேலக்டிகாவின் இரண்டு தடங்களில் ஒன்றில் கால் அந்தரத்தில் தொங்கும், மணிக்கு 90 கி.மீ. வேகம். பின்பக்கம் வார் உள்ள காலணி போதும். போன், கண்ணாடி, பர்ஸ் எல்லாவற்றையும் பக்கத்திலுள்ள லாக்கரில் வைக்க வேண்டும். முதலில் கொஞ்ச நேரம் இலவசம், தாண்டினால் கட்டணம். வந்ததும் எடுத்துவிடுங்கள். ஜுராசிக் படகில் தொப்பலாக நனைவீர்கள். மாற்றுடை இல்லாமல் நனைந்துவிட்டு ஏசி அரங்கில் போய் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு மறுநாள் சளிதான்.

தாத்தா, பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஓடிவிடக் கூடாது. எகிப்துப் பகுதியில் மெதுவாகச் செல்லும் ஜீப் சவாரி, நியூயார்க்கில் செயற்கைப் புயலைக் காட்டும் அரங்கம், வாட்டர்வேர்ல்ட் சாகசக் காட்சி என்று அவர்களும் மகிழ நிறைய உண்டு. இதய நோய், கழுத்து, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பெரிய ரைடுகளைத் தவிர்க்க வேண்டும். மம்மி ரைடு இருட்டில் திடீரென்று பின்னோக்கிப் பாயும். வெளியே நின்று பார்த்தால் அது தெரியாது.

மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்கு வைத்துக்கொண்டால் உணவகத்திலும் வரிசை. 11.30-க்கே முடித்துவிடலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே ரோலர் கோஸ்டர் வேண்டாம். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போய்க் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

கடைசியாக மழை. சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை சாதாரணம், ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னும் அடிக்கடி. மின்னல் அபாயம் என்றால் கேலக்டிகா, கேனப்பி ஃப்ளையர் போன்ற வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது ‘அவ்வளவுதான், நாள் போச்சு’ என்று கிளம்பிவிடுவது பெரிய தவறு. அந்த நேரத்தில் உள்ளரங்க ரைடுகளிலோ காட்சிகளிலோ இருங்கள். மழை கொட்டும்போது பலர் ஹோட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் வானம் வெளுத்துவிடும். வெளிப்புற ரைடுகள் மறுபடி ஓடத் தொடங்கும் அந்தச் சமயம், காலையில் ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் பல நாள் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடலாம்.